ஐஸுக்கு அடங்காத இடம்

அறையில் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். மேசையிலிருந்த மடிக்கணினியின் வெளிச்சம் மட்டும், கேமராவை இயக்கும் ஷபானாவின் மூக்குக் கண்ணாடியில் இரண்டு சின்னச் சதுரங்களாக மிதந்தது.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பிலோமினா உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்கு மேல் துணியில்லை. சுழலும் முக்காலி. இரண்டு கைகளையும் தூக்கிப் பிடரியில் கோத்திருந்தாள். அவளுக்கு எதிரே ஒரு முக்காலித் தாங்கியில், கைக்கு அடங்கும் கறுப்புக் கேமரா. யாரும் அவளைத் தொடவில்லை. எதுவும் அவள்மேல் படவில்லை.

"போலீஸ்ல மாட்ன மாதிரி கைய தூக்க வச்சிட்டியேமே," என்றாள் அங்கிருந்து. என்னைத்தான். பற்கள் தந்தியடித்தன.

"பேசாம இருடி. அசைஞ்சா படம் கலையும்," என்றேன்.

நான் ஷபானாவின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நான் கூட இருந்தால்தான் உள்ளே வருவேன் என்று பிலோமினா வாசலிலேயே பிடிவாதம் பிடித்துவிட்டாள். அதனால் எனக்கும் இடம் கிடைத்தது. கிடைக்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

மடிக்கணினித் திரையில் முகமில்லாத ஒரு பெண் தெரிந்தாள். கழுத்து சிவப்பு. அக்குள்கள் ஊதிக் கனலவிட்ட கரி. தோள்கள் மஞ்சள். அதற்குக் கீழே, மார்பு இருக்க வேண்டிய இடத்தில், கருநீலமாக இரண்டு பள்ளங்கள். உடம்பில் அந்த இரண்டு இடங்களுக்கு மட்டும் உயிர் போய்ச் சேரவில்லை என்பதுபோல.

ஷபானா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, உள்ள வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?"

"இன்னா பண்ணாங்க? குந்த சொன்ன, குந்திகினு கீறேன்."

"மார்பு இவ்ளோ சில்லுன்னு இருக்காதே."

"ஏசி போட்டுகீற இல்ல? அப்பால இன்னா கேள்வி?"

நான் கீழே பார்த்தேன். திரைச்சீலையின் விளிம்புக்கு அடியில் அவள் கால்கள். கால்களுக்குப் பக்கத்தில் முடிச்சவிழ்ந்த ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் கரைந்து சிறுத்த ஐஸ் துண்டுகள். பையின் வாயில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு தண்ணீர்க் கோடு சிமெண்டுத் தரையில் நெளிந்து என் செருப்பை நோக்கி வந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம்.

கைக்குத் தட்டுப்பட்டது

போன வாரம் இந்தத் தொடரில் ரயில்வே குடியிருப்பில் மழை ஒழுகிய வீட்டைப் பற்றி எழுதி முடித்தபோதே, அடுத்து இதைத்தான் எழுத வேண்டும் என்று தெரிந்திருந்தது. பிலோமினாவிடம் போய்க் கேட்டேன். பெயரை மாற்றிவிடட்டுமா?

"இன்னாத்துக்கு மாத்துவ? கட்டி என்துதானே? பேரும் என்துதான் போடு."

நாங்கள் இரண்டு பேரும் ராயபுரத்தில் ஒரே தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர்கள். ஒரே கன்னியர் பள்ளியில் ஒரே பெஞ்சு. அவள் பாதியில் படிப்பை விட்டுக் காசிமேட்டு மீன் வரிசையில் அவள் அம்மா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள். நான் படித்தேன், ஊர் ஊராக வேலை மாறினேன், எதிலும் நிலைக்காமல் இரண்டு தெரு தள்ளித் திரும்பி வந்து, எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். நடுவில் எத்தனை வருஷம் போனாலும் அவள் என்னை "மே" என்றுதான் கூப்பிடுவாள்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடியும் கடலில் இறங்கியிருந்த நாட்கள். ஏலம் முடிந்து வெயில் ஏறாத நேரம். தட்டில் சங்கரா மீன்கள் சிவப்பாக வாய் பிளந்து கிடந்தன. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, என் கையைப் பிடித்து இழுத்து ரவிக்கையின் மேல் வைத்தாள். இடது பக்கம். அக்குளை ஒட்டி.

"தொட்டுப் பாரு. பட்டாணி மாதிரி கீது."

பட்டாணி உருளும். இது உருளவில்லை. சுவரில் அடித்த ஆணியின் தலைபோல நின்ற இடத்திலேயே நின்றது. நான் கையை எடுத்துக்கொண்டேன். எடுத்த பிறகும் விரல் நுனியில் அது இருந்தது. அன்று முழுக்க இருந்தது. சோறு பிசையும்போது இருந்தது.

"வலிக்குதா?"

"வலிச்சா ஒன்கிட்ட ஏன்மே காட்றேன்? தைலம் தடவிகினு போய்ட்டே இருப்பேன்."

"டாக்டர்கிட்ட போலாம்."

"போனா வெட்டுவான். வெட்னா தெரியும். தெரிஞ்சா எவ என் கையால மீன் வாங்குவா?"

அதுதான் விஷயம். சாவு அவளுக்கு இரண்டாவது பயம். முதல் பயம் அந்த வரிசை.

வரிசையில் மீனைப் பார்த்து மட்டும் யாரும் வாங்குவதில்லை. கையைப் பார்த்து வாங்குகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கை. அந்தக் கை அரிந்து கொடுத்தால்தான் குழம்பு ருசிக்கும் என்பார்கள். முன்பு அதே வரிசையில் காசநோய் வந்த ஒரு பெண் இருந்தாள். மருந்து சாப்பிட்டுத் தேறிவிட்டாள். ஆனாலும் அவள் தட்டுக்கு முன்னால் ஆள் நிற்கவில்லை. நிறைந்த தட்டோடு வெயில் உச்சிக்கு வரும்வரை ஈ ஓட்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் தட்டும் வரவில்லை, அவளும் வரவில்லை. எங்கே போனாள் என்று கேட்டுப் பார்த்தேன். தெரியாது என்றார்கள். கேட்டதே தப்பு என்பதுபோல் பார்த்தார்கள்.

அதோடு, பிலோமினாவுக்குப் பக்கத்துத் தட்டு கன்னியம்மாவுடையது. வாடிக்கையாளருக்காக இரண்டு பேருக்கும் தினம் ஒரு சண்டை நடக்கும். "அவ காதுல வியுந்தா போதும். மைக் செட்டே வேணாம். எண்ணூர் வரைக்கும் கேக்கும்" என்பாள் பிலோமினா.

நான் நச்சரித்தேன். அவள் நழுவினாள். ஆடி போயிற்று. வேளாங்கண்ணிக்கு நடந்தவர்கள் திரும்பி வந்தார்கள். அப்போதுதான் கோயிலில் பூசை முடிந்ததும் ஓர் அறிவிப்பு வந்தது: பங்கு மண்டபத்தின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை. தொடமாட்டார்கள். அழுத்தமாட்டார்கள். ஊசி இல்லை. ஒரு கேமரா தூரத்திலிருந்து உடம்பின் சூட்டைப் படம் எடுக்கும்.

பிலோமினா முழங்கையால் என்னை இடித்தாள்.

"கை வெக்கமாட்டாங்களாமே?"

"மாட்டாங்களாம்."

"அப்ப போலாம்."

கண்ணுக்கு எட்டாத வெளிச்சம்

என் கணவர் எண்ணூர்ப் பக்கம் ஒரு மின் நிலையத்தில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர். இப்படி ஒரு கேமரா அங்கேயும் உண்டாம். உயர் அழுத்தக் கம்பிகள் இணையும் இடங்களைத் தரையில் நின்றபடி அதில் பார்ப்பார்களாம். இணைப்பு எங்கே தளர்ந்திருக்கிறதோ அங்கே சூடு ஏறும். வெறும் கண்ணுக்கு எல்லாக் கம்பியும் கம்பிதான். கேமராவில் அந்த ஒரு முடிச்சு மட்டும் வெள்ளையாய் எரியும்.

"ஆனா அது சூட்டத்தான் காட்டும். ஏன் சூடுன்னு சொல்லாது. அதுக்கு லைன ஆஃப் பண்ணிட்டு மேல ஏறிக் கழட்டித்தான் பாக்கணும்," என்றார்.

கழட்டித்தான் பார்க்க வேண்டும். அந்தச் சொல்லோடு நான் அன்று தூங்கப் போனேன்.

ஷபானா சொன்னதும் ஏறக்குறைய அதுதான். தண்டையார்பேட்டைப் பெண். படிப்பை முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்தவள். தலையில் துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு ஒவ்வொருத்திக்கும் அலுக்காமல் விளக்கினாள்.

"உடம்பு எல்லா நேரமும் சூட்ட வெளிய விட்டுக்கிட்டே இருக்கும்க்கா. அதுவும் ஒரு வெளிச்சம்தான், நம்ம கண்ணுக்குத் தெரியாது. எங்கயாச்சும் தேவையில்லாம ஏதாச்சும் வளந்தா அதுக்கு ரத்தம் கூடுதலா ஓடும். அங்க சூடு கொஞ்சம் ஏறும். எடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் வச்சுப் பாப்போம். வித்தியாசம் இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். இது முடிவு இல்ல. இதுல ஒண்ணும் தெரியலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தமும் இல்ல."

கடைசி வாக்கியத்தை அவள் அழுத்திச் சொன்னாள். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வெளியே வந்த பெண்கள் "பச்சைதான் வந்துச்சு", "எனக்கு நீலம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, லேசாகிப் போனார்கள். அந்த லேசுதான் என்னைப் பயமுறுத்தியது. நிறம் நன்றாக வந்துவிட்டால் இனிமேல் உடம்பு எதைச் சொன்னாலும் நம்பமாட்டார்களே.

படத்துக்கு முன்னால் சில கட்டுப்பாடுகள் உண்டு. டீ குடிக்கக் கூடாது. தைலம் தடவக் கூடாது. வெயிலில் நின்றுவிட்டு வரக் கூடாது. உள்ளே வந்ததும் மேல்துணி இல்லாமல் கொஞ்ச நேரம் குளிரில் உட்கார வேண்டும். தோல் ஒரே நிலைக்கு வரவேண்டும்.

ஐஸ் வைக்கக் கூடாது என்று ஷபானா சொல்லவில்லை. உலகத்தில் யார்தான் ஐஸ் வைத்துக்கொண்டு வருவார்கள்?

வாசலில் நின்ற துப்பாக்கி

காசிமேட்டுக்காரி வைப்பாள். அதற்குக் கொரோனா காலத்துக்குப் போக வேண்டும்.

ஊரடங்கு தளர்ந்து துறைமுகத்தைத் திறந்தபோது வாசலில் ஒரு காவலாளி நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி நீட்டிக்கொண்டு நின்றான். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு சூடுமானி. திருவொற்றியூர் பக்கமிருந்து வண்டி கிடைக்காமல் கூடையைச் சுமந்து வெயிலில் நடந்து வருகிறவளின் நெற்றி எப்படி இருக்கும்? துப்பாக்கி கத்தும். காய்ச்சல், திரும்பிப் போ. காய்ச்சலில்லை அய்யா, வெயில் என்று இவர்கள் கத்துவார்கள். அதெல்லாம் மிஷினுக்குத் தெரியாது என்பான் அவன்.

பிறகு எவளோ கண்டுபிடித்தாள். வாசலுக்கு வெளியே மீன் வேன்கள் நிற்கும். அதிலிருந்து ஒரு கை ஐஸ். நெற்றியில் ஒரு தேய்ப்பு, முந்தானையால் ஒரு துடைப்பு, நேராகப் போய் நில். துப்பாக்கி வாயை மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் வரிசை முழுக்கக் கற்றுக்கொண்டது. காவலாளிக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தான். அவன் வீட்டிலும் மீன் தின்பார்கள் அல்லவா?

"சூட்ட தேட்ற மிஷினுமே அது," என்று பிலோமினா எனக்கு அப்போது பாடம் எடுத்தாள். "சூட்ட எட்த்துட்டன்னு வெச்சிக்க, அது குருடு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஊரெல்லாம் பிணம் எரிந்துகொண்டிருந்த நாட்களில் சிரிக்க அது ஒன்றாவது கிடைத்தது.

இந்தச் சனிக்கிழமையும் அதே பாடம்தான். சூட்டைப் படம் எடுக்கும் கேமரா என்று கோயில் அறிவிப்பிலேயே அவள் காதில் விழுந்திருந்தது. போதும். மண்டபத்துக் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். காலையில் தன் மீன் பெட்டியிலிருந்து எடுத்துவந்த ஐஸ் கூடையில் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும் என்று இரண்டு பக்கமும், வஞ்சிரத்துக்குப் பொதிகிறமாதிரி இடைவெளி விடாமல், மரத்துப்போகும்வரை வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் வெளியே கதவைத் தட்டி "வயிறு சரியில்லையாடி?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பரிசோதனைக்கு வரவும் வேண்டும், பரிசோதனையில் அகப்படவும் கூடாது. 'எனக்கு ஒன்றுமில்லை' என்று ஒரு மிஷின் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

காத்திருக்காத இடம்

பையைப் பார்த்துவிட்டு ஷபானா திட்டவில்லை. பெருமூச்சு விட்டாள். திரைச்சீலைக்குள் போய் ஒரு துண்டைக் கொடுத்தாள்.

"ஈரத்தத் தொடச்சிக்குங்கக்கா. இந்தப் படம் செல்லாது. தோல் பழைய நெலமைக்கு வரட்டும். அப்புறம் எடுக்கலாம்."

"எத்தினி நேரம்? என் மீனு கெட்டுப்பூடும்."

"ஒங்க ஐஸெல்லாம் இங்கதானக்கா இருக்கு, கெடத்தானே செய்யும்?"

திரைச்சீலைக்குப் பின்னால் பிலோமினா சிரித்தாள். ஷபானாவும் சிரித்தாள். நானும். அறைக்குள் நடந்த கடைசிச் சிரிப்பு அதுதான்.

கேமராவை ஷபானா நிறுத்தவில்லை. அது பார்த்துக்கொண்டே இருந்தது. திரையில் அந்தக் கருநீலம் அப்படியே கிடந்தது. தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஒன்று போனது. மண்டபத்தின் தகரக் கூரை லேசாக அதிர்ந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் ஒரு நூல். நீலத்தின் நடுவில் பச்சையாய் ஒரு மெல்லிய கோடு. வேர் மாதிரி. இடது பக்கம், அக்குளை ஒட்டி. அதன் முனையில் ஒரு புள்ளி. புள்ளி மஞ்சளாயிற்று. சுற்றி எல்லா இடமும் இன்னும் விறைத்துக்கொண்டிருக்க, வலது பக்கம் முழுக்க இருட்டிலேயே இருக்க, அந்த ஓரிடம் மட்டும் யாருக்கும் காத்திருக்காமல் ஆரஞ்சாகி, சிவப்பாகி, நின்றது.

என் விரல் நுனி அதை அடையாளம் கண்டுகொண்டது. கண்ணைவிட முன்னால்.

"இன்னாமே ஆச்சி?" அந்தப் பக்கமிருந்து குரல். "இன்னாத்துக்கு ரெண்டு பேரும் சத்தமே காணும்?"

ஷபானா என்னைப் பார்த்தாள். முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று பழக்கியிருப்பார்கள். முகம் காட்டவில்லை. துப்பட்டாவைப் பிடித்த கை காட்டியது.

பிலோமினா சேலையைச் சுற்றிக்கொண்டு தானே எழுந்து வந்தாள். திரைக்கு முன்னால் குனிந்தாள்.

"இது நானா?"

"ஆமாக்கா. இப்ப எடுத்தது."

"இது?" நகம் தேய்ந்த விரல் அந்தச் சிவப்பின்மேல் நின்றது.

ஷபானா மெதுவாகச் சொன்னாள். "குளிர் பட்டா ரத்தக் குழாய் எல்லாம் சுருங்கும்க்கா. அதான் மத்த எடம் நீலமா இருக்கு. சில எடம் சுருங்காது. சொன்ன பேச்சு கேக்காது. அது என்னன்னு இந்தப் படத்துல தெரியாதுக்கா, சத்தியமா தெரியாது. வேற எதுவாவும் இருக்கலாம். ஆனா திங்கக்கெழம காலையில மொத வேலையா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. மேமோகிராம் எடுப்பாங்க. ஊசி டெஸ்ட் பண்ணுவாங்க. நான் எழுதித் தரேன்."

 கேமரா இன்னும் அந்த முக்காலியையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்து வந்துவிட்டாள். ஆனால் திரையில் முக்காலியின் மேல் வட்டமாக ஒரு வெளிச்சம் மிச்சமிருந்தது, அவள் உட்கார்ந்திருந்த சூடு. அது மஞ்சளிலிருந்து பச்சைக்கும், பச்சையிலிருந்து நீலத்துக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அது முழுக்க அணைவதை என்னால் பார்க்க முடியவில்லை.

வெளியே மண்டபத்துப் படியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நான். எதிரே கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகராமல் நின்று உறுமின.

"ஒண்ணு சொல்லட்டா?" என்றாள்.

"சொல்லு."

"எங்கம்மா காலத்துலேர்ந்து பாக்கறேன். சொறா ஆவட்டும், எறா ஆவட்டும், ஐஸ்ல பொதைச்சிட்டா அப்டியே நிக்கும்மே. அயுகறது நின்னுபூடும். இது நிக்கலியே." கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "ஐஸுக்கே அடங்கலன்னா அது இன்னாதுமே? நான் மெர்சலாயிட்டேன்."

நான் மாதக்கணக்காகச் சொன்னது எதுவும் அவளை அசைக்கவில்லை. ஷபானா சொன்னதில்கூட அவள் பாதியைத்தான் கேட்டிருப்பாள். ஆனால் அவள் வாழ்க்கையில் முழுசாக நம்பிய ஒரே பொருள் ஐஸ்தான். அது கைவிட்டதை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள்.

"திங்கக்கெழம வா," என்றாள்.

கூப்பிடும்வரை

பெரிய மருத்துவமனையின் பெண் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"கட்டி கைக்குத் தட்டுப்படுது. இத்தனை மாசம் வச்சிருந்திருக்கீங்க. அதுக்கப்புறம் கேமராவுக்கு எதுக்கும்மா போனீங்க? நேரா இங்க வரவேண்டியதுதானே? படிச்சவங்கதானே நீங்க?"

கடைசிக் கேள்வி எனக்கு. 

மேமோகிராம் அறையிலிருந்து வெளியே வந்தபோது பிலோமினாவின் முகம் வேர்த்திருந்தது. "நண்டு ஓட்ட ஒடைக்கற மாரி அமுக்குறாமே! அந்தப் பொண்ணு கேமரா எவ்ளோ மரியாதையா கீது!" பிறகு ஊசி. அதற்குப் பிறகு அவள் வேடிக்கை பேசவில்லை.

முடிவு வரும்வரை இருந்த நாட்களை எப்படி எழுதுவது? துறைமுகத்தில் கப்பல் ஊதினால் நெஞ்சு திடுக்கிட்டது. காற்று எண்ணூரிலிருந்து திரும்பினால் வரும் அந்த ஆலை வாடை, பிறந்ததிலிருந்து முகர்ந்த வாடை, திடீரென்று ஒரு குற்றச்சாட்டுபோல மூக்கில் ஏறியது. குளிக்கும்போது சோப்பைத் தோளிலிருந்து நேராக வயிற்றுக்குக் கொண்டுபோனேன். நடுவில் கை போகவில்லை. போனால் எதையாவது கண்டுபிடித்துவிடும். அவளுடைய பயத்தைச் சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னுடையதும் கூடவே வந்துகொண்டிருந்தது.

முடிவு வாங்கப் போன காலையில் அவள் வழக்கம்போல ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து, தட்டில் ஐஸ் போட்டுப் பரப்பிவிட்டுத்தான் வந்தாள். பக்கத்துத் தட்டுக் கன்னியம்மாவிடம், "வண்ணாரப்பேட்டைல பொடவ எட்த்துகினு ஓடியாந்துடறேன், கொஞ்சம் பாத்துக்கோமே" என்று பொய் சொல்லிவிட்டு வந்தாள்.

டாக்டர் இந்தத் தடவை திட்டவில்லை. திட்டாததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

புற்றுநோய்தான். அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். அதற்குப் பிறகு மருந்து ஏற்ற வேண்டும். இன்னும் சில சோதனைகள் இருக்கின்றன. "சீக்கிரம் ஆரம்பிச்சா பொழைக்கலாம்மா. ஆனா இனிமே ஒருநாள்கூட ஒளிச்சு வைக்காதீங்க," என்றார்.

பிலோமினா கேட்டது ஒரே கேள்விதான்.

"மீன் விக்கலாமா?"

இரண்டு தட்டுகள்

ஆட்டோவை வீட்டுக்கு விடச் சொன்னேன். அவள் காசிமேட்டுக்கு விடச் சொன்னாள்.  ஆட்டோக்காரரை நிற்கச் சொல்லிவிட்டு இறங்கி, சேற்றுத் தண்ணீரைத் தாண்டித் தாண்டி, தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன்.

கன்னியம்மா ஒரு வாடிக்கைக்காரப் பெண்ணுக்குச் சங்கரா அரிந்துகொண்டிருந்தாள். நிமிராமலே ஆரம்பித்தாள்.

"வந்துட்டாங்கய்யா மகாராணி! பொடவ எங்கமே? கைய வீசிகினு வர? கடைக்காரன் தொரத்திட்டானா?"

பிலோமினா ஈரக் கோணியை எடுத்துத் தட்டின்மேல் போட்டாள். எடுத்தாள். மறுபடி போட்டாள்.

"பொடவ இல்லமே. ஆஸ்பத்திரிக்குப் போய்கினு வரேன். மாருல கட்டி. கேன்சராம்."

குரலைத் தாழ்த்தவில்லை. கத்தவும் இல்லை. சங்கரா என்ன விலை என்று கேட்டவளுக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். அவள் இத்தனை மாதம் உடம்புக்குள் பூட்டி வைத்திருந்த வார்த்தை மீன் தண்ணீரில் விழுந்து கிடந்தது. சங்கராவுக்காகக் காத்திருந்த பெண் பையை மார்போடு இழுத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள்.

கன்னியம்மாவின் கத்தி நின்றது. இப்போது வாயைத் திறப்பாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். எண்ணூர்வரை கேட்கும்.

வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

"அது வலிக்குமாக்கா?"

தினம் வாடிபோடி என்று சண்டை போடுகிறவள் அக்கா என்றாள்.

"எது?"

"அந்தக் கட்டி. வலிச்சாதான கெட்டது? வலிக்காட்டி ஒண்ணும் இல்லன்னுதான சொல்லுவாங்க?"

"எனக்கு ஒரு நாளும் வலிக்கல," என்றாள் பிலோமினா. சொன்ன பிறகுதான் கேள்வி அவளுக்கு உறைத்தது. மெதுவாகத் திரும்பினாள். "யாருக்கு வலிக்கலமே?"

 கன்னியம்மா செதில் ஒட்டிய கைகளை முந்தானையில் துடைத்தாள். துடைத்த கையையே பார்த்துக்கொண்டு மறுபடியும் துடைத்தாள்.

"எப்பலேர்ந்து?"

"ஆடிலேர்ந்து. வலது பக்கம்." முந்தானையை மார்பின்மேல் இழுத்துவிட்டாள். "ஒனக்குத் தெரிஞ்சா ஊரெல்லாம் சொல்லிடுவியேன்னு..."

பிலோமினா உட்கார்ந்து மீனை இன்னும் தொடக்கூட இல்லை. எழுந்துவிட்டாள்.

"ஏந்திரி."

"இப்பவா? எங்க, அந்த மண்டபத்து கேமரா ரூம்புக்கா? கை வெக்கமாட்டாங்களாமே, அங்க?"

"அது வேணாம். நேரா ஆஸ்பத்திரிக்கு. கை வெக்கட்டும்."

"மீனு?"

"இவ பாத்துப்பா."

என்னைத்தான் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மாவின் முழங்கையைப் பிடித்து, சேற்றைத் தாண்ட வைத்து, காத்திருந்த ஆட்டோவில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள். உள்ளே கன்னியம்மா ஏதோ கேட்பதும், இவள் தலையை ஆட்டுவதும் தெரிந்தது. லாரிகளுக்கு நடுவே ஆட்டோ நுழைந்து மறைந்தது.

நான் இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் போகவில்லை. பையைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தாள். பாதி அரிந்த சங்கரா பலகைமேல் கிடந்தது. அவள் பிலோமினாவின் தட்டைப் பார்த்தாள். கன்னியம்மாவின் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இது ஒட்டாது அம்மா, மீனுக்கு ஒன்றும் ஆகாது. எத்தனையோ எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரி வாயில் வரவில்லை.

அவள் மூன்றாவது தட்டுக்குப் போனாள்.

வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கியது. பெட்டியிலிருந்து ஐஸை அள்ளி முதலில் பிலோமினாவின் மீன்களை மூடினேன். பிறகு கன்னியம்மாவின் மீன்களை மூடினேன். கை மரத்துப்போகும்வரை மூடினேன். மரத்த கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, கொஞ்சம் மேலே கொண்டுபோனால் எதையாவது தொட்டுவிடுமோ என்று அசையாமல், ஆட்டோ போன சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.